சறுக்கு ரயிலும் கடையாணியும்

மனித சுபாவம் விசித்திரமானது. பஸ் டிரைவர் ஒரு வளைவில் சற்று வேகமாகத் திருப்பிவிட்டால், "மெதுவாகப் போமய்யா! பிள்ளை குட்டிக்காரர்கள் இருக்கிறோம்!" என்று உள்ளே இருப்பவர் அத்தனை பேரும் ஒரே குரலில் கூவுகிறார்கள். அதே மனிதர்கள் விடுமுறை நாளில் பட்டணத்துக் கேளிக்கைப் பூங்காவுக்குப் போகிறார்கள். பணத்தை எண்ணிக் கொடுத்து, வெயிலில் வரிசையில் நின்று, மடியின்மேல் இரும்புக் கம்பி வந்து பூட்டிக்கொள்ளும் ஆசனத்தில் உட்கார்ந்து, பனைமர உயரத்தையும் கடந்த ஓர் உச்சியிலிருந்து குப்புற விழுவதற்குத் தயாராகிறார்கள். கீழே வந்து இறங்கியதும், தலை கலைந்து, தொண்டை வறண்டு, "இன்னொரு தடவை போகலாமா?" என்கிறார்கள். பயத்தைக் காசு கொடுத்து வாங்குகிற பிராணி உலகத்தில் மனிதன் ஒருவன்தான்.

இந்த ஆசை இன்று நேற்று உண்டானதன்று. மாமல்லபுரத்துக்குப் போனவர்கள் ‘கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை’ என்று வழங்கும் அந்தப் பெரிய உருண்டைக் கல்லைப் பார்த்திருப்பார்கள். கல்லைவிட நம் மனத்தைக் கவர்வது, அது அமர்ந்திருக்கும் பாறைச் சரிவில் குழந்தைகள் சறுக்கி விளையாடும் காட்சி. அங்கே யந்திரம் இல்லை, சக்கரமும் இல்லை. குழந்தைகளின் கால்சட்டை பட்டுப் பட்டுப் பாறை வழவழப்பாகியிருக்கிறது. ரோலர் கோஸ்டர் என்று ஆங்கிலத்தில் பெயரிட்டு, நம்மவர்களும் அப்படியே வழங்குகிற சறுக்கு ரயிலுக்கு மூலம் இந்த ஆசைதான். சரிவு ஒன்று வேண்டும், விழ வேண்டும், ஆனால் அடிபடக் கூடாது.

விழுப்புரம் ஜில்லாவைச் சேர்ந்த நம் பனமலைக் குன்றின்மேல் தாளகிரீசுவரர் கோயிலை எடுப்பித்தவன் ராஜசிம்ம பல்லவன். மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலை எழுப்பியவனும் அவனே. ஆகவே, ஊரில் பார்த்த பல்லவச் சிற்பத்தின் தொடர்ச்சியை அலையோரத்தில் பார்க்கலாம் என்று சொல்லி, மாணவர்களை மாமல்லபுரத்துக்கு அழைத்துப் போவது ஆசிரியர்களாகிய நமக்கு எளிதாக இருக்கிறது. பிள்ளைகளின் மனமோ பல்லவனிடத்தில் இல்லை. மாமல்லபுரம் போகிற வழியில் எந்தப் பூங்காவில் வண்டி நிற்கும் என்பதிலேயே அது நிற்கிறது.

அப்படி ஒரு பிரயாணத்துக்குப் பெற்றோரின் சம்மதக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தபோது, மாட்டு வண்டி செய்து பிழைத்த முதிய தச்சர் ஒருவர், தம் பேரனுக்காகக் கையெழுத்திட வந்தவர், பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தார். "எல்லாம் சரிங்க, ஐயா. அந்த வண்டிக்குக் கடையாணி யாருங்க பார்க்கறது?" என்று கேட்டார்.

கடையாணி என்பது அச்சின் கோடியில் செருகி, சக்கரம் கழன்று ஓடிவிடாமல் காக்கும் சிறு ஆணி. வண்டி எவ்வளவு பெரிதானாலும் பிரயாணிகளின் உயிர் அந்த விரலளவு இரும்பில் இருக்கிறது. பெரியவர் கேட்டது சரியான கேள்வி. பூங்காக்காரர்கள் உயரத்தையும் வேகத்தையும் விளம்பரம் செய்கிறார்கள்; கடையாணியைப் பற்றி யாரும் விளம்பரம் செய்வதில்லை. சறுக்கு ரயிலின் சரித்திரத்தை அந்தக் கேள்வியோடு படித்துப் பார்த்தால், அது முழுவதும் கடையாணியின் சரித்திரமாகவே தெரிகிறது.

பனிச் சரிவும் நிலக்கரி மலையும்

17, 18ஆம் நூற்றாண்டுகளில் ருஷிய தேசத்து ஜனங்கள் குளிர்காலத்தில் மரத்தினால் உயரமான சாரங்கள் கட்டி, அவற்றின்மேல் தண்ணீரை ஊற்றி உறைய வைத்து, அந்தப் பனிச் சரிவில் சறுக்கி விளையாடினார்கள். சில சாரங்கள் 70, 80 அடி உயரம் இருந்தன. மகாராணி காதரீனுக்கும் இதில் மோகம் அதிகம். கோடையில் பனி கிடையாதே என்று, ஒரானியன்பாம் அரண்மனைத் தோட்டத்தில் சக்கரம் வைத்த வண்டிகள் ஓடும் சறுக்கு மலை ஒன்று அவளுக்காகக் கட்டப்பட்டது. 1817இல் பாரிஸ் நகரத்தில் இதே விளையாட்டு இரண்டு இடங்களில் தோன்றியது. அங்கேதான் வண்டியின் சக்கரம் தடத்தை விட்டு விலகாதபடி அதனோடு பிணைக்கப்பட்டது. கடையாணியின் முதல் அத்தியாயம் என்று இதைச் சொல்லலாம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் இந்த வண்டியை ‘ருஷிய மலைகள்’ என்றே அழைக்கிறார்கள். ருஷியர்களோ தங்கள் பாஷையில் ‘அமெரிக்க மலைகள்’ என்கிறார்கள். அவரவர் பைத்தியத்துக்கு அடுத்த தேசத்துப் பெயரை வைப்பது எங்கும் உள்ள வழக்கம் போலும்!

அமெரிக்காவில் இதன் பிறப்பு விளையாட்டுக்காக ஏற்பட்டதன்று. பென்ஸில்வேனியாவில் மௌச் சங்க் என்ற ஊரில், மலைமேல் வெட்டிய நிலக்கரியைக் கீழே கால்வாய்க்குக் கொண்டுவர 1827இல் ஒரு ரயில் தடம் போட்டார்கள். கரி ஏற்றிய வண்டிகள் தம் பாரத்தினாலேயே கீழே ஓடி வந்தன. காலி வண்டிகளை மேலே இழுத்துச் செல்லக் கோவேறு கழுதைகள் இருந்தன. கீழே வரும்போது அந்தக் கழுதைகளையும் ஒரு வண்டியில் ஏற்றிச் சொகுசாக அனுப்பினார்கள்! பார்த்த ஜனங்கள், "கழுதைக்குக் கிடைக்கிற இன்பம் நமக்கு ஏன் கிடைக்கக் கூடாது?" என்று எண்ணியிருக்க வேண்டும். சில ஆண்டுகளுக்குள் மனிதர்களும் அதில் ஏறத் தொடங்கினார்கள். 1872இல் கரிக்கு வேறு வழியாகச் சுரங்கப் பாதை ஏற்பட்ட பிறகு, அந்த ரயில் உல்லாசப் பிரயாணிகளுக்கென்றே ஆகி, 1933 வரையில் ஓடியது.

1884இல் நியூயார்க் நகரத்தை அடுத்த கோனித் தீவுக் கடற்கரையில் லமார்கஸ் தாம்ஸன் என்பவர் முதன்முதலாக விளையாட்டுக்கென்றே ஒரு சறுக்கு ரயிலை அமைத்தார். கட்டணம் 5 சென்ட். வேகம் மணிக்கு 6 மைல். நம் ஊர்த் தபால்காரரின் சைக்கிளே அதைத் தாண்டிப் போய்விடும். ஒரு கோடியை அடைந்ததும் பிரயாணிகள் இறங்க வேண்டும். ஆட்கள் வண்டியை அடுத்த மேட்டுக்குத் தள்ளிவிட்ட பிறகு மறுபடி ஏறிக்கொள்ள வேண்டும். அப்படியும் கூட்டம் அலைமோதிற்று. ஓரிரண்டு வருஷங்களுக்குள் வேறு சிலர் தடத்தை வட்டமாக வளைத்துப் புறப்பட்ட இடத்துக்கே வண்டி திரும்பும்படி செய்தார்கள். வண்டியை மேட்டுக்கு இழுக்கச் சங்கிலி பூட்டினார்கள். சறுக்கு ரயில் பூர்ண உருவம் பெற்றது.

விழாத ரகசியம்

இந்த ரயிலுக்கு எஞ்சின் இல்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வழக்கமான வண்டியில் சங்கிலியானது முதல் மேட்டின் உச்சிவரையில் இழுத்துக் கொடுப்பதோடு சரி. அதன் பின்னர் பூமியின் ஈர்ப்பு ஒன்றே சாரதி. உயரத்தில் சேர்த்து வைத்த சக்தியை வண்டி செலவழித்துக்கொண்டே ஓடுகிறது. உராய்வும் காற்றும் வழியில் வரி வசூலித்துக்கொண்டே இருப்பதால், அடுத்து வரும் மேடு எதுவும் முதல் மேட்டின் உயரத்தை எட்ட முடியாது. தகப்பன் வைத்த சொத்தில் வாழும் பிள்ளையைப் போல, வண்டி முதலில் கிடைத்ததைக் கொண்டே கடைசிவரையில் ஒப்பேற்ற வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்க்க விரும்பும் மாணவர்களுக்கு ஒன்று சொல்வோம். உராய்வைத் தள்ளிவிட்டால், 20 மீட்டர் விழும் வண்டி அடியில் மணிக்குச் சுமார் 70 கிலோமீட்டர் வேகம் பெறும். 40 மீட்டர் விழுந்தால் 140 ஆகுமென்று எண்ணிவிடக் கூடாது. சுமார் 100தான் ஆகும். உயரம் நான்கு மடங்கானால்தான் வேகம் இரண்டு மடங்காகும்.

மேட்டில் ஏறும்போது கேட்கும் ‘டக் டக் டக்’ என்ற ஓசை குலை நடுக்கத்தை உண்டாக்குகிறது அல்லவா? அதற்காக நடுங்க வேண்டியதே இல்லை. தடத்தின் நடுவே ரம்பப் பல்லைப்போல் ஓர் இரும்புப் பட்டை உண்டு. வண்டியின் அடியில் தொங்கும் கொக்கி ஒவ்வொரு பல்லாகத் தாண்டித் தாண்டி விழுகிறது. சங்கிலி அறுந்தே போனாலும் வண்டி பின்னோக்கி உருளாமல் அந்தப் பல் பிடித்துக்கொள்ளும். தேர் நகரும்போது கூடவே நடந்து முட்டுக்கட்டை போடும் ஆளை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஓசை அவருடைய ஓசைதான்.

இனி, பெரியவர் கேட்ட கடையாணிக்கு வருவோம். ஆதியில் வண்டிகள் தடத்தின்மேல் வெறுமனே உட்கார்ந்திருந்தன. மேட்டைத் தாண்டும்போது வேகம் சற்று அதிகமானால் வண்டி எகிறிவிடும். ஆகையால் சரிவுகளைச் சாதுவாகவே அமைக்க வேண்டியிருந்தது. 1919இல் அமெரிக்கரான ஜான் மில்லர், தடத்தின் அடிப்பக்கத்தையும் பற்றிக்கொள்ளும் ஒரு சக்கரத்துக்குப் பேட்டண்ட் உரிமை பெற்றார். இன்றைய வண்டிகளுக்கு மூன்று ஜாதிச் சக்கரங்கள் உண்டு. ஒன்று தண்டவாளத்தின் மேலே ஓடுகிறது. ஒன்று பக்கத்தில் ஒட்டி ஓடுகிறது. மூன்றாவது அடியில் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. ஏறுகிறவர்கள் பொதுவாக முதல் சக்கரத்தைத்தான் பார்க்கிறார்கள். அவர்களை வானத்தில் பறந்துவிடாமல் வைத்திருப்பது, கண்ணில் படாத அந்த மூன்றாவது சக்கரம். அதுவே இந்த வண்டியின் கடையாணி.

மில்லரின் சக்கரம் வந்த பிறகு சரிவுகள் செங்குத்தாயின. 1920க்குப் பிந்திய பத்தாண்டு இந்த வித்தையின் பொற்காலம். கோனித் தீவின் புகழ்பெற்ற ‘ஸைக்ளோன்’ 1927இல் வந்தது. பிறகு உலகப் பொருளாதார மந்தமும் யுத்தமும் குறுக்கிட்டு நூற்றுக்கணக்கான வண்டிகளை விழுங்கின. 1959இல் டிஸ்னிலாந்தில் குழாய் வடிவமான எஃகுத் தடம் போட்டபோது சறுக்கு ரயில் மறுபிறப்பு எடுத்தது.

தலைகீழாகச் சுற்றும் வளையத்தின் கதையும் கேட்கத் தக்கது. 1895இலேயே கோனித் தீவில் வண்டியைத் தலைகீழாகச் சுற்றிக் காட்டினார்கள். ஆனால், வளையம் சரி வட்டமாக இருந்ததால், முழு வேகத்தில் அதனுள் நுழைந்த கணத்திலேயே பிரயாணிகளின் கழுத்தில் பொறுக்க முடியாத பாரம் இறங்கியது. சுளுக்கோடு வீடு திரும்பினவர்கள் பலர். 1976இல் ஜெர்மானிய நிபுணர் வெர்னர் ஸ்டெங்கல், கலிபோர்னியாவில் ஒரு வண்டிக்கு நீர்த்துளியைப் போன்ற வளையம் வகுத்தார். வேகம் மிகுந்த அடியில் வளைவு தளர்வாகவும், வேகம் குறைந்த உச்சியில் இறுக்கமாகவும் இருக்கும். கழுத்து பிழைத்தது. ஏறக்குறைய எண்பது வருஷம் மனிதனைத் தடுத்து நிறுத்தியது தைரியக் குறைவன்று. ஒரு கோட்டின் வடிவந்தான்.

நம் நாட்டில்

1982இல் டில்லியில் நடந்த ஆசிய விளையாட்டின் சின்னமான யானைக்குட்டியின் பெயரால், 1984 நவம்பரில் டில்லியில் ‘அப்பு கர்’ திறக்கப்பட்டது. நம் தேசத்தில் இக்காலத்து முறையில் அமைந்த முதல் கேளிக்கைப் பூங்கா என்று அதைச் சொல்வார்கள். 2008இல் அது மூடப்பட்டது. பம்பாயில் 1989இல் எஸ்ஸெல் வேர்ல்டும், கல்கத்தாவில் 1991இல் நிக்கோ பூங்காவும் தோன்றின. நிக்கோ பூங்காவில் 2003இல் மரத்தினாலான சறுக்கு ரயில் ஒன்று ஓடத் தொடங்கியது. கோனித் தீவு வண்டியின் பெயரையே அதற்கும் இட்டார்கள்.

தமிழ்நாட்டில், தாம்பரம் அருகே 1995இல் கிஷ்கிந்தா திறக்கப்பட்டது. அதை உண்டாக்கியவர் நவோதயா அப்பச்சன். நம் நாட்டின் முதல் முப்பரிமாணத் திரைப்படத்தை 1984இல் வெளியிட்டவர் அவரே. 2025 டிசம்பரில் திருப்போரூரை அடுத்த இள்ளலூரில் வொண்டர்லா பூங்கா திறக்கப்பட்டபோது, தஞ்சாவூரை நினைவூட்டும் ‘தஞ்சோரா’ என்ற சறுக்கு ரயிலும் கூடவே வந்தது. அதில் தடம் தலைக்கு மேலே இருக்கிறது. ஆசனம் அதிலிருந்து தொங்குகிறது. கால்கள் அந்தரத்தில் ஊசலாடுகின்றன. இந்தத் தினுசு வண்டி உலகில் முதன்முதல் ஓடியது 1992இல். அப்போதும் இப்போதும் அதைச் செய்து கொடுத்தவர்கள் ஸ்விட்ஸர்லாந்தைச் சேர்ந்த போலிகர்-மாபிலார்ட் கம்பெனியார்.

அந்தப் பூங்காவை நடத்தும் ஸ்தாபனத்தார் தங்கள் விளையாட்டு யந்திரங்களில் பலவற்றைத் தாங்களே செய்துகொள்கிறார்கள் என்பது சந்தோஷமான விஷயம். பெரிய வண்டிகள் இன்னும் கப்பலேறித்தான் வருகின்றன. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. யந்திரத்தை அயல்நாட்டிலிருந்து வாங்கலாம். அதைத் தினந்தோறும் பார்த்துக்கொள்ளும் கண்ணை வாங்க முடியாது. அந்தக் கண் நம்முடையதாகத்தான் இருக்க வேண்டும்.

பழைய வண்டி, புதிய பலகை

பென்ஸில்வேனியாவின் அல்டூனா நகரத்தில் 1902இல் கட்டிய மரச் சறுக்கு ரயில் ஒன்று உண்டு. மில்லரின் சக்கரத்துக்கு முந்தியதாகையால் அதற்கு அடிச் சக்கரம் இல்லை. 1985இல் நின்றுபோன அதை, ஊரார் பணம் திரட்டிச் செப்பனிட்டு 1999இல் மறுபடி ஓடவிட்டார்கள். இங்கிலாந்தில் மார்கேட் கடற்கரையில் 1920இல் வந்த வண்டி 2008இல் தீப்பிடித்து நாசமாகி, 2015இல் புத்துயிர் பெற்றது. கோனித் தீவின் ஸைக்ளோனை ஒரு காலத்தில் இடித்துத் தள்ளவே யோசித்தார்கள். 1988இல் அது நகரத்தின் பாதுகாக்கப்பட்ட சின்னமாயிற்று. பிற்காலத்தில் அதன் தடத்தைப் பகுதி பகுதியாகப் பெயர்த்துப் புதுப்பித்தார்கள்.

"பலகை எல்லாம் மாறிவிட்டால் அது பழைய வண்டிதானா?" என்று ஒரு கேள்வி எழும். திருவாரூர்க்காரர்களைக் கேட்டால் பதில் சொல்வார்கள். 1926இல் ஆழித்தேர் எரிந்துபோய், புதிய மரம் கொண்டு மறுபடி கட்டப்பட்டது. பின்னர் திருச்சி பாரத மிகுமின் நிலையத்தார் இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்தினார்கள். ஆயினும் அது தியாகராஜருடைய அதே தேர்தான். மரம் போய் மரம் வரும். ஓட்டம் அறுபடாமல் இருந்தால் தேர் அதுவே.

எஃகு வண்டிகளைச் செப்பனிடுவது வேறு விதம். மரம் உளுத்தால் கண்ணுக்குத் தெரியும்; எஃகில் உண்டாகும் வெடிப்போ மயிரிழைக்கும் நுண்ணியது. ஆகையால் ஆண்டுக்கொரு முறை வண்டியை அக்கக்காகக் கழற்றி, முக்கியமான பாகங்களில் சாயத் திரவம் ஒன்றைப் பூசுகிறார்கள். திரவம் வெடிப்பினுள் புகுந்துகொள்ளும். மேலே துடைத்துவிட்டு வெண்பொடி தூவினால், உள்ளே போன சாயம் சிவப்புக் கோடாக வெளியே வந்து வெடிப்பைக் காட்டிக் கொடுக்கும். காந்தத் தூளை வைத்துப் பார்க்கும் முறையும், காதுக்குக் கேளாத ஒலியை எஃகினுள் செலுத்திப் பார்க்கும் முறையும் உண்டு. தேய்ந்த சக்கரங்களையும் நீண்டுபோன சங்கிலியையும் மாற்றுவார்கள். கடற்கரைப் பூங்காவாயின் உப்புக்காற்றின் துருவைச் சுரண்டிப் புது வர்ணம் பூசுவது ஓயாத வேலை.

இதற்கு மேல் தினசரிப் பரிசோதனை வேறு. ஒரு பூங்காவில், நம் மாணவர்கள் போய்ச் சேர்ந்தபோது சறுக்கு ரயிலின் வாசலில் ‘பழுது பார்க்கப்படுகிறது’ என்ற பலகை தொங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகளின் முகம் வாடிற்று. கையெல்லாம் கிரீஸ் படிந்திருந்த மெக்கானிக் ஒருவர் அவர்களைக் கூப்பிட்டு, தமது நோட்டுப் புத்தகத்தைக் காட்டினார். ஒவ்வொரு நாள் காலையிலும் தடத்தோடு நடந்து மரைகளையும் இணைப்புக்களையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஆசனத்தின் பூட்டையும் இழுத்துப் பார்க்க வேண்டும். பிறகு ஆள் இல்லாமல் வண்டியை ஓடவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் எதிரே கையெழுத்திட வேண்டும். அன்று ஒரு வரிக்கு எதிரே கையெழுத்து இல்லை. ஓர் ஆசனத்தின் பூட்டு அவருக்குத் திருப்தியாக இல்லையாம். "ஒரு வரி காலியா இருந்தா வண்டி கிளம்பாது, தம்பிகளா" என்றார். சறுக்கு ரயிலில் ஏறியிருந்தால் பிள்ளைகள் அவ்வளவு கற்றுக்கொண்டிருக்க மாட்டார்கள் என்பது நமது அபிப்பிராயம்.

புதுப்பித்துவிட்டால் மட்டும் போதும் என்றும் எண்ணுவதற்கில்லை. டெக்ஸாஸ் ராஜ்யத்தில் 1990இல் கட்டிய மாபெரும் மர வண்டி ஒன்றுக்கு எஃகுத் தடம் போட்டு 2011இல் புதிதாகத் திறந்தார்கள். இரண்டு ஆண்டுக்குப் பின் ஒரு பெண்மணி அதிலிருந்து விழுந்து உயிரிழந்தார். அதன் பின்னரே ஆசனத்தின் பிடிப்பைத் திருத்தி, வாரும் சேர்த்தார்கள். தடம் புதிதாக இருப்பது ஒன்று. உட்காரும் ஒவ்வொரு உடலையும் அது பிடித்து வைத்திருப்பது வேறொன்று.

மூன்று நிகழ்ச்சிகள்

2016 மே மாதத்தில் கிஷ்கிந்தாவில் ஒரு ராட்டினத்தின் சோதனை ஓட்டத்தின்போது, அதில் ஏறியிருந்த ஊழியர்கள் விபத்துக்குள்ளானார்கள். ஒருவர் இறந்தார், பலர் காயமுற்றார்கள். 2019 ஜூலையில் ஆமதாபாத்தின் கங்காரியா ஏரிக்கரையில் ஊசல் ராட்டினம் முறிந்து விழுந்து இருவர் மாண்டார்கள். 25க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். 2025 மே மாதத்தில் சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ராட்டினம் உயரத்திலேயே நின்றுவிட, சுமார் 30 பேர் மணிக்கணக்காக அந்தரத்தில் தவித்தார்கள். தீயணைப்புப் படையினர் தூக்கிகளைக் கொண்டுவந்து அனைவரையும் பத்திரமாக இறக்கினார்கள்.

இம்மூன்றும் சறுக்கு ரயில்கள் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். நாம் பார்த்து நடுங்குவது உயரமான தடத்தை. ஆபத்து வந்ததோ நாம் சாதாரணமென்று நினைத்து ஏறும் ராட்டினங்களில். பயத்துக்கும் அபாயத்துக்கும் சம்பந்தமில்லை. நன்றாகப் பராமரிக்கப்பட்ட சறுக்கு ரயிலில் பயம் அதிகம், அபாயம் குறைவு. பராமரிப்பில்லாத குடை ராட்டினத்தில் பயம் குறைவு, அபாயம் அதிகம். அதிலும் முதல் நிகழ்ச்சி மனத்தை உறுத்துகிறது. சோதனை ஓட்டத்தில் ஏற்ற வேண்டியவை மணல் மூட்டைகளே, மனிதர்கள் அல்லர்.

திருவிழா ராட்டினம்

பூங்காவுக்கு நம் பிள்ளைகள் ஆண்டுக்கு ஒரு தடவை போனால் அதிகம். மாசி மாதத்தில் மேல்மலையனூருக்கும், பங்குனி உத்திரத்துக்கு மயிலத்துக்கும் எத்தனை குடும்பங்கள் போகின்றன! நம் பக்கத்துத் திருவிழாக்களுக்கு ராட்டினம் லாரியில் வருகிறது. ஓரிரவில் எழும்பி நிற்கிறது. சில நாளில் கழற்றப்பட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுகிறது. கழற்றிக் கழற்றிப் பூட்டுவதால் மரைகள் தேய்கின்றன. நட்டிருக்கும் பூமியோ ஊருக்கு ஊர் மாறுகிறது. ஆகவே, நிலையான பூங்காவைவிட இங்கேதான் பரிசோதனை அதிகமாக வேண்டும். விளையாட்டு யந்திரங்களின் பாதுகாப்புக்கென்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 15475 என்ற நியமத்தை வகுத்திருக்கிறது. புத்தகத்தில் இருக்கும் நியமத்தை மைதானத்துக்குக் கொண்டுவருவது ஊராரின் கையில் இருக்கிறது.

திருவிழாக் கமிட்டியார் ராட்டினக்காரரிடம் இட வாடகை பேசும்போதே, எஞ்சினீயரின் அத்தாட்சியைக் காட்டச் சொல்ல வேண்டும். அத்தாட்சி இந்த ஊரில், இந்த மைதானத்தில், பூட்டிய பிறகு பார்த்துக் கொடுத்ததா என்று கேட்க வேண்டும். முதல் சுற்று ஆள் ஏறாமல் சுற்றட்டும். அடிக்கட்டைகள் இறுகிய தரையில் நிற்கின்றனவா, மழை பெய்த மறுநாளும் அப்படியே நிற்கின்றனவா என்று யாராவது ஒருவர் குனிந்து பார்க்கட்டும். கூட்டம் சேர்ந்ததே என்று பெட்டிக்கு இரண்டு பேர் அதிகமாக ஏற்றினால், வெளியே நிற்பவர்களே தடுக்கட்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. உயரம் அளக்கும் கம்பத்தருகே குழந்தையை நுனிக்காலில் நிற்கச் சொல்லி ஏமாற்றுகிறவர்கள் பூங்காக்காரரை ஏமாற்றவில்லை. அந்தக் கோடு மடிக்கம்பி பிடிக்கக்கூடிய உடலின் அளவு. மழை இடிக்காக வண்டியை நிறுத்தினால், "காசு கொடுத்திருக்கிறோமே!" என்று சண்டை பிடிக்க வேண்டாம். ‘பழுது பார்க்கப்படுகிறது’ என்ற பலகையைக் கண்டால் பிள்ளைகளுக்கு அதன் பொருளை எடுத்துச் சொல்லுங்கள். ஒரு நாளும் அந்தப் பலகை தொங்காத இடத்தைப் பற்றித்தான் நாம் யோசிக்க வேண்டும்.

பனமலைக் கோயில் சுமார் 1,300 வருஷங்களாக நிற்கிறது. அது அசையாமல் நிற்பதற்கென்றே கட்டியது. அசையாத கோயிலுக்கே பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை திருப்பணி செய்து கும்பாபிஷேகம் நடத்த வேண்டுமென்று நம் முன்னோர் வழக்கம் ஏற்படுத்தினார்கள். மணிக்கு எழுபது கிலோமீட்டர் வேகத்தில் குழந்தைகளைச் சுமந்துகொண்டு ஓடும் வண்டிக்குத் தினந்தோறும் திருப்பணி நடக்க வேண்டாமா? நடக்கிறதா என்று டிக்கட் வாங்கும் ஒவ்வொருவரும் கேட்கட்டும். கேட்பவர்கள் இருக்கிற இடத்தில் பார்ப்பவர்களும் இருப்பார்கள்.